புரியாத புருஷன்

"மறுபடியும் சொல்லு. சிமிலின்னா என்ன, மெட்டஃபர்னா என்ன?"

குந்தவைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாரக்கணக்கில் இதே கேள்வி. கேட்பது ஏதோ எல்.கே.ஜி. பிள்ளை இல்லை, அவள் புருஷன் பரிதி. பகலெல்லாம் அறுவடை மெஷின் ஓட்டிவிட்டு, கழுத்தில் வைக்கோல் தூசியோடு வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவான்.

ஆசிரியர் தகுதித் தேர்வில் அவள் ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள். வீட்டில் கடகடவென்று ஒப்பிப்பாள். ஹாலில் போய் உட்கார்ந்தால் இங்கிலீஷ் மட்டும் சுத்தமாக மறந்துபோகும். இந்த முறையும் போச்சென்றால் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடுவதாகச் சபதம் செய்திருந்தாள். இந்த லட்சணத்தில் இவருக்கு வேறு பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது!

"நல்லா கேட்டுக்குங்க. உங்க தம்பி எருமை மாதிரி தூங்குறாருன்னா சிமிலி. உங்க தம்பி ஒரு எருமைன்னா மெட்டஃபர்."

"ரெண்டுலயும் திட்டு வாங்குறது அவன்தானே? அப்புறம் என்ன வித்தியாசம்?"

குந்தவை தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி விடு. அந்த பெர்சானிஃபிகேஷன்?"

"காவிரி மசக்கையா இருக்கான்னு ஆடிப்பெருக்குக்குச் சித்ரான்னம் படைக்கிறோமே, அது. ஆறு எங்கயாவது உண்டாகுமா? மனுஷியா நெனைச்சுப் பேசுறோம்ல?"

"ஹைப்பர்போல்?"

"ஏக்கருக்கு நூறு மூட்டை கண்டேன்னு உங்கப்பா டீக்கடையில அளக்குறாரே, அது."

"ஐரனி?"

"தூர் வாரியாச்சுன்னு போர்டு நிக்குது. வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி வரலை. அது!"

பரிதி கொட்டாவி விட்டான். "ஒண்ணும் புரியலை. நாளைக்கு மறுபடி சொல்லு."

"உங்க மண்டையில இருக்குறது மூளையா, வண்டலா?"

தேர்வு முடிவு வந்தது. குந்தவை பாஸ்! அதுவும் இங்கிலீஷில்தான் அதிக மார்க். அக்கம்பக்கமெல்லாம் வாசலில் கூடிவிட்டது. நன்னிலத்தில் கோச்சிங் கிளாஸ் நடத்தும் சகாயராஜ் சாரும் பைக்கில் வந்து இறங்கினார்.

"எப்படிம்மா சாதிச்சே?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"எங்க சாதிக்கிறது? ஒவ்வொரு கேள்விக்கும் இவரு மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. இவருக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. இந்த மரமண்டைக்கு மட்டும் இன்னும் ஏறலை!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பரிதியும் அசடு வழியச் சிரித்தபடி ஜிலேபித் தட்டை நீட்டினான்.

சகாயராஜ் சார் மட்டும் சிரிக்கவில்லை. ஜிலேபியை எடுக்காமல் அவன் தோளைத் தட்டினார்.

"போதும் பரிதி. புரியாத ஆளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தா மறக்காதுன்னு நான் ஒரு வார்த்தை சொன்னதுக்கு, இன்னும் எத்தனை திட்டு வாங்குவீங்க? அதான் பாஸாயிட்டாங்களே... இனிமேலாவது புரிஞ்சுதுன்னு சொல்லிடுங்க!"