பற்றியிருப்பவர்

செம்பூர் ஆபீஸின் வருகைப்பதிவு புரோகிராமை எழுதியவர் சங்கரன். வேலையைவிட்டு அனுப்பிய வாரமே மாரடைப்பில் போய்விட்டார். புரோகிராமைச் சரிசெய்வது ஸ்ரீலேகா தலையில் விழுந்தது.

அதில் ஒவ்வொரு ஊழியரின் பதிவையும் சுட்டும் பாயிண்டர்கள் வெறும் முகவரிகள். ஆளை அழித்த பிறகும் அந்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டும், புரோகிராம் படுத்துவிடும். எழுதியதைச் சரிபார்த்து இயக்கத்துக்கு மாற்றும் கம்பைலரே அவற்றை அடிக்கோடிட்டுக் காட்டி, பாதுகாப்பான வேறு வகையைப் பரிந்துரைத்தது. அதில், யாராவது ஒருவர் பற்றியிருக்கும்வரை எதுவும் அழியாது. ஸ்ரீலேகா எல்லாரையும் போலப் படிக்காமலே அக்செப்ட் அமுக்கினாள்.

மறுநாள் காலை, வாசல் திரையில் சங்கரன் வேலைக்கு வந்திருந்தார்.

"அரே, ஆளே போயாச்சு, பேர் எப்படி வர்றது?" என்றான் மானேஜர் அஷ்வத். அவரை அனுப்பியவன் அவன்தான்.

"யாரோ இன்னும் விடாம பிடிச்சுண்டிருக்கா சார். அவா விட்டாத்தான் அழியும்."

"யாருன்னு பாரு."

பார்த்தாள். பற்றியிருப்பவர், அம்மிணி. சங்கரனின் மனைவி. அந்தப் பெயரைப் புரோகிராமில் யாரும் எழுதியதில்லை.

அஷ்வத் தன் கையாலேயே சங்கரனை அழித்துவிட்டுப் போனான். மறுநாளும் சங்கரன் வந்திருந்தார். கம்பைலர் புதிதாக ஒரு வரியை அடிக்கோடிட்டிருந்தது.

'அஷ்வத்தை யாரும் பற்றியிருக்கவில்லை. அகற்றலாம்.'

ஸ்ரீலேகா முதல்முறையாக ஒரு பரிந்துரையை முழுசாகப் படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். பிறகு அக்செப்ட் அமுக்கினாள்.