எதிர்வீட்டில் விசாரிக்கிறார்கள்

"போச்சு! எல்லாம் போச்சு!"

கதவிலிருந்த கண்ணாடித் துளையில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு முணுமுணுத்தாள் ஒல்லி. கட்டிடம் முழுக்க அவளை அப்படித்தான் கூப்பிடும். பெற்ற அம்மா உட்பட.

"என்னடி போச்சு?"

"விசாரணைக்கு ஏட்டு வந்துட்டார்மா. நம்ம வீட்டுக்கு வரல. நேரா எதிர்வீட்டு பெல்லை அடிக்கிறார்."

"ஏட்டுதானா? யூனிஃபார்ம் போட்டிருக்காரா?"

"சட்டை சாதா சட்டைதான். ஷூ மட்டும் போலீஸ் ஷூ."

அம்மா கையிலிருந்த கரண்டியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பின்னே? எழுத்துத் தேர்வு, உயரம், ஓட்டம், மருத்துவப் பரிசோதனை என்று ஒன்றரை வருஷம் நாய்படாத பாடு பட்டு, ஒல்லி எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். "உன்னைப் பார்த்தா திருடனே சிரிப்பான்" என்று கேலி பண்ணிய மாமாகூட வாயை மூடிக்கொண்டார். பாக்கி இருப்பது இந்த நன்னடத்தை விசாரணை மட்டும்தான். அக்கம்பக்கத்தில் யாராவது ஒருத்தர் "சண்டைக்காரி" என்று சொல்லி, ஏட்டு அதை எழுதிக்கொண்டு போனால் போதும். போலீஸ் வேலை அதோடு சரி.

அப்படிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் எதிர்வீட்டுத் தையல்கார அக்காதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அந்த வீட்டில் ஒரே கூச்சல். கதவு திறந்து கிடந்தது. அக்காவின் வீட்டுக்காரர் ஓங்கிய கையை ஒல்லி ஓடிப்போய்ப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் முறுக்கி, ஆளைச் சுவரோடு நிறுத்திவிட்டாள். அந்த எலும்பும் தோலுமான உடம்புக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! நன்றியா கிடைத்தது? "எங்க வீட்டு விஷயத்துல நீ யாருடி? போ வெளியே!" என்று கத்திக் கதவைச் சாத்தினாள் அக்கா. அன்றிலிருந்து மாடிப்படியில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"அப்பவே சொன்னேன், உனக்கெதுக்கு ஊர் வம்புன்னு," அம்மா ஆரம்பித்தாள்.

"சும்மா இரும்மா. அங்க பேசறது கேக்கல."

எதிர்க்கதவு திறந்தது. கழுத்தில் அளவு டேப்போடு அக்கா நின்றாள்.

"இந்த எதிர்வீட்டுப் பொண்ணைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்மா. எப்படி, நல்ல மாதிரியா?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மாப்பிள்ளை வீட்டுலேர்ந்தா வர்றீங்க?"

ஏட்டு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "சொல்லுங்கம்மா," என்றார்.

"தங்கமான பொண்ணுங்க. அதிர்ந்து பேச மாட்டா. குனிஞ்ச தலை நிமிர மாட்டா."

ஒல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாராவது வம்புக்கு வந்தா?"

"ஐயையோ, ஒதுங்கிப் போயிடுவா. கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே அலறுவாங்க!"

"கண்ணெதிர ஒரு தப்பு நடந்தா தட்டிக் கேக்குமா?"

அக்கா கொஞ்சம் தயங்கினாள். "அவளா? கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போயிடுவா. இப்படி ஒரு மருமகள் கிடைக்க நீங்க கொடுத்து வச்சிருக்கணும்."

ஏட்டு ஃபைலைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

ஒல்லிக்கு அழுகையே வந்துவிட்டது. திட்டிக் கெடுப்பாள் என்று பயந்தால், பாவி, புகழ்ந்தல்லவா கெடுக்கிறாள்!

"அம்மா, கோழைன்னு எழுதறார்மா! நீதானே வேலை கைக்கு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னே? இப்ப பார்!"

கதவைத் திறந்துகொண்டு ஓடலாமா? விசாரணைக்கு நடுவில் போய் நின்றால் அதுவும் குற்றமாகிவிடும். தாழ்ப்பாளை இழுக்கப் போனவள், மறுபடியும் துளையில் கண்ணை வைத்தாள்.

ஏட்டு ஃபைலை மூடினார். "நான் ஸ்டேஷன்லேர்ந்து வர்றேம்மா. பொண்ணு போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கு. முதல்லயே போலீஸ்னு சொன்னா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அதான் சொல்லல. இவ்வளவு பயந்த சுபாவம்னா... கஷ்டம்தான்."

அக்காவுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஏட்டு இரண்டு படி இறங்கியும் விட்டார்.

"சார், சார், நில்லுங்க! எழுதினதை அடிச்சுடுங்க."

"ஏம்மா?"

"நான் சொன்னது அத்தனையும் பொய். உண்மையைச் சொன்னா அவ கல்யாணம் கெட்டுடுமேன்னு பயந்து சொன்னேன்."

துணி தைக்கக் கொடுக்க வந்த இரண்டு பெண்கள் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்தாள். அப்புறம் அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"என் வீட்டுக்காரர் என்னை அடிச்சுக்கிட்டு இருந்தார் சார். இந்தக் கட்டிடத்துல எல்லாருக்கும் கேக்கும். எல்லாரும் கதவைச் சாத்திக்குவாங்க. இவ ஒருத்திதான் ஓடி வந்தா. அவர் கையைப் பிடிச்சு முறுக்கினா."

"அப்புறம்? உங்களுக்கும் அந்தப் பொண்ணுக்கும் பேச்சுவார்த்தை உண்டா?"

"கிடையாது சார். அவ முகத்தைப் பார்க்கவே எனக்கு வெக்கம்."

ஏட்டு மறுபடியும் ஃபைலைத் திறந்தார்.

"இதையும் எழுதிக்கங்க சார்," என்றாள் அக்கா. "அன்னிக்கு அவ பிடிச்ச பிடிக்கு அப்புறம், இன்னிக்கு வரைக்கும் அவர் என் மேல கை ஓங்கினதில்ல."