அறுபத்தொரு சதவீதம்

அறுபத்தொன்று வரை வந்து நின்றுவிட்டது.

மறுமுனை எதிர்பாராமல் துண்டித்துக்கொண்டது என்றது திரை.

காலை பத்தரை. இன்று இது மூன்றாவது முறை.

அவள் எழுதிய கணினி நிரல் சென்னை அலுவலகத்து சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே மற்றவர்கள் எழுதியது அவளிடம் வந்து சேர வேண்டும். பத்து நாளாக இரண்டும் அரைகுறை. சின்னத் திருத்தம் என்றால் எப்படியோ போய்விடுகிறது. கொஞ்சம் பெரியதானால் பாதி வழியில் விழுந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம் என்று மேலாளர் எழுதியிருந்தார். அதற்குள் சரியாகவில்லை என்றால் திங்கள் முதல் சென்னைக்கே வந்து உட்கார வேண்டியதுதான்.

இன்று வியாழன்.

கல்யாணமான நான்கு வருடமும் அவள் சென்னையில். அவன் சாத்தூரில், பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டு. வெள்ளிக்கிழமை ஒரு பேருந்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு பேருந்து. வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி அவள் இங்கே வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

மறுபடி அந்தப் பேருந்தா? நினைத்தாலே அழுகை வந்தது.

அவள் முயன்று பார்க்காதது எதுவுமில்லை. கடவுச்சொல்லை மாற்றினாள். நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து அனுப்பினாள். மோடத்தை அணைத்துப் போட்டு அணைத்துப் போட்டு விரல் வலித்தது. கேபிள்காரர் பிச்சையா வந்து மாடி ஏறிப் பார்த்தார். தான் பத்து நாள் முன்பு மாட்டிய டிஷ் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார்.

அந்த டிஷ் பஜாரில் இருக்கும் அவருடைய கோபுரத்தைப் பார்த்து நிற்கிறது; இணையம் அங்கிருந்துதான் காற்றில் வருகிறது. தண்ணீர்த் தொட்டியில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அதனால் மாடிக் கைப்பிடிச் சுவரில், இடுப்பு உயரத்தில்.

மழைக்கு லைன் கொஞ்சம் விட்டுப் போகும் என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கேதான் இடித்தது.

லைன் அறுந்த நேரத்தையெல்லாம் அவள் நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தாள். எல்லாம் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள். மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒழுங்காகப் போகிறது. இரண்டே இரண்டு நாள்தான் காலையிலும் ஒழுங்காகப் போயிருக்கிறது. செவ்வாயும் புதனும்.

இரண்டு நாளும் விடிந்ததிலிருந்து தூறல்.

மழையில் வேலை செய்கிறது. வெயிலில் செய்யவில்லை.

அவள் மாடிக்குப் போனாள்.

டிஷ்ஷுக்கு எதிரே துணி காயப் போடும் கொடி. கொடி நிறைய ஈரத்துணி. நடுவில் அவர்களுடைய பெரிய போர்வை, தண்ணீர் சொட்டச் சொட்ட. பஜார் கோபுரம் இருக்கும் திசையே தெரியவில்லை.

பன்னிரண்டு மணி வெயிலில் எல்லாம் காய்ந்துவிடும். ஈரத்துணி மறைக்கிற சிக்னலைக் காய்ந்த துணி மறைக்காது.

மழை நாளில் அவன் துணியை வீட்டுக்குள்தான் போடுவான்.

ஆமாம், அவன்தான். சமையல் அவனுக்கு வராது. அவள் வந்த முதல் நாளே, துணி என் பொறுப்பு என்று வாங்கிக்கொண்டான். துவைத்துக் காயப் போட்டுவிட்டுத்தான் ஸ்கூட்டரை எடுப்பான். அதிலும் ஒரு கண்டிப்பு. ஒரு துணிக்கு ஒரே நிறத்தில் இரண்டு கிளிப். மாறினால் அவனுக்கு ஆகாது.

அவள் தனியாக நின்று சிரித்தாள்.

துணிகளை எடுத்து மேற்குச் சுவர் மேல் விரித்தாள். பறக்காமல் கல் வைத்தாள். கீழே ஓடினாள்.

அறுபத்தொன்று.

எழுபத்தெட்டு.

நூறு.

அவனிடம் சொல்லலாம்தான். சொன்னால் பதறிப்போவான். பதற்றத்தில் துவைப்பதையே விட்டுவிட்டால்? அவள் அவ்வளவு ஏமாளி இல்லை.

அது மட்டுமில்லை. காலையில் காபி குடிக்கும்போது மாடியிலிருந்து அவன் துணி உதறும் சத்தம் கேட்கும். நான்கு வருடம் கேட்காமல் இருந்த சத்தம். அது அவளுக்கு வேண்டும்.

சாயங்காலம் ஸ்கூட்டர் வருவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி கொடியில் மாட்டினாள். கையில் கிடைத்த கிளிப்பைப் போட்டாள். அவன் வந்தான், எடுத்தான், மடித்தான். ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமையும் அப்படியே. எல்லா நிரலும் போய்ச் சேர்ந்தது. சென்னைக்கு வர வேண்டாம் என்று மேலாளரிடமிருந்து ஒரு வரி வந்தது. அதை நான்கு முறை படித்தாள்.

அடுத்த வாரம் முழுக்க இதே வேலை. அவன் தெருமுனை திரும்பியதும் கழற்றுவாள். திரும்பி வருவதற்குள் மாட்டுவாள். புதிதாக ஒரு கொடி கட்டியிருக்கலாம். கட்டினால் ஏன் என்று கேட்பானே.

சனிக்கிழமை அவனுக்கு விடுமுறை. அவள் காபியோடு மாடி ஏறினாள்.

தோளில் ஈரப் போர்வையோடு நின்றிருந்தான். உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கிளிப், ஒரு நீலக் கிளிப். அவளிடம் நீட்டிக் காட்டினான்.

"இன்னைக்கு எந்தப் பக்கம் காயப் போடணும்?"

காபியைச் சுவர் மேல் வைத்துவிட்டு, போர்வையின் மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள்.