இனி யாரும் கேட்க முடியாது

"எல்லாத்தையும் அழிச்சிடப் போறாங்களாமே, நிஜமா தம்பி?"

கதவைத் திறந்ததும் திறக்காததுமாக அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஐம்பது, ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு, கையில் ஒரு துணிப்பை. பெயர் அன்னம்மாள் என்றாள். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் லாலாகூடா ரயில்வே காலனியிலிருந்து இரண்டு பஸ் மாறி கச்சிபௌலி வரை வந்திருந்தாள்.

இளங்கோவன் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தான். முன்பின் தெரியாதவர்கள் வீடு தேடி வருவது அவனுக்குப் பழகிவிட்டது. டி.வி.யில் முகம் காட்டியதிலிருந்து பாராட்ட வருபவர்கள் சிலர், வைய வருபவர்கள் பலர்.

சர்க்காருக்காக ஊரார் போன்களைப் பதிவு செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியில், தமிழ்ப் பேச்சுகளைக் கேட்டு எழுதிக் கொடுப்பது அவன் வேலையாக இருந்தது. முறையான உத்தரவே இல்லாமல் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று வெளியே சொன்னவனும் அவன்தான். யதார்த்தவாதி வெகுஜன விரோதி என்பார்களே, அது அப்படியே பலித்தது. வேலை போயிற்று. வேறு கம்பெனிகள் அவன் பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்தின. மிரட்டல் போன்களுக்குப் பயந்து மனைவி ஷர்மிளா குழந்தையோடு திருச்சிக்குப் போய்விட்டாள். இத்தனைக்கும் கிடைத்த ஒரே பலன் கோர்ட் தீர்ப்பு. பதிவுகள் மொத்தத்தையும் அழித்துவிடச் சொல்லிவிட்டார்கள்.

"நிஜம்தாம்மா. இன்னிக்குக் காலையில ஆரம்பிச்சாச்சு. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் போயிடும்."

அன்னம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஏசப்பா... எம்பையன் நம்பரும் அதுல இருக்குன்னு சங்கத்துல சொன்னாங்க. பெஞ்சமின். நாச்சாரம் ஃபேக்டரியில சங்கம் ஆரம்பிச்சானே, அதுக்காக."

அந்தப் பெயர் இளங்கோவனுக்கு மறக்கவில்லை. மாதக்கணக்கில் அந்தக் குரலை ஹெட்போனில் கேட்டவன் அவன். அதை அந்த அம்மாளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

"இருக்கும்மா" என்றான் பொதுவாக.

"வீட்டுக்குப் பேசினதும் இருக்குமா? எங்கிட்டப் பேசினது?"

"எல்லாமே இருக்கும்."

"சண்டை போட்டது கூடவா?"

"அதுவும்தான்."

"ஹவ் தம்பி, ஆமா, சண்டை போட்டிருக்கோம். நிறைய." அவள் கண் கலங்கியது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இளங்கோவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு தாய், ஊர் பேர் தெரியாதவன் எதிரில் உட்கார்ந்து இப்படியெல்லாம் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று வேதனைப்பட்டான்.

"நான் எதுக்கு வந்தேன்னா தம்பி..."

"வேண்டாம்மா, சொல்லாதீங்க." கும்பிடாத குறையாகத் தடுத்தான். "மூணு வருஷம் அடுத்தவங்க வீட்டு விஷயத்தைக் கேட்டுக் கேட்டே பாவம் சேர்த்தாச்சு. இனிமே யாரோட சொந்த விஷயத்தையும் நான் கேக்கறதா இல்ல. நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குப் புரியுது."

"புரியுதா?" அவள் முகம் மலர்ந்தது. "எப்படிச் சொல்றதுன்னு தெரியாம பஸ்ஸுல அழுதுகிட்டே வந்தேன். உங்களுக்கு ஏதும் தொந்தரவு வராதே?"

"ஒரு தொந்தரவும் இல்ல. என் சிநேகிதன் சலீம் இன்னும் அங்கேதான் இருக்கான். இந்த வேலையே இப்ப அவன் கையிலதான். நம்பரைச் சொல்லுங்க."

ஜெபம் சொல்வதுபோல் அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "இப்பவேவா தம்பி?"

"இப்பவே. நீங்க உட்காருங்க, இங்க சிக்னல் சரியா இருக்காது."

நல்லது செய்யக் கிளம்பியவனுக்குப் பொறுமை ஏது? பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கீழே கேப்களும் கம்பெனி பஸ்களும் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன.

"சலீம், ஒரு நம்பர் சொல்றேன். அதை முதல்ல முடிச்சிடு."

"எப்படியும் இன்னிக்குப் போகப்போறதுதானேடா? என்ன அவசரம்?"

"ஒரு அம்மா வந்து உட்கார்ந்து அழறாங்க. பார்க்க முடியல."

"எதுக்காம்?"

"நான் கேக்கல. கேக்கறதுக்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு சலீம் சொன்னான்: "போச்சு. காப்பி கிடையாது, இனி திருப்பி எடுக்கவும் முடியாது. அந்தம்மாவை நிம்மதியா வீட்டுக்குப் போகச் சொல்லு."

இளங்கோவன் போனை வைத்தான். வேலை போன நாளிலிருந்து இன்றுதான், தான் செய்தது வீண் போகவில்லை என்று தோன்றியது. ஷர்மிளாவுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் உள்ளே வந்தபோது அன்னம்மாள் துணிப்பையிலிருந்து எதையோ எடுத்து டீப்பாய் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். கவர் பிரிக்காத புதுப் பென் டிரைவ்.

"முடிஞ்சதும்மா" என்றான். "உங்க பையன் பேசினதுல ஒரு வார்த்தை கூட மிச்சமில்ல. இனி யாரும் கேட்க முடியாது."

அவள் அவனையே பார்த்தாள்.

"யாரும்னா... நானுமா தம்பி?"

அவள் பென் டிரைவை விரல்களால் மெல்லத் தடவினாள்.

"லாரியில அடிபட்டு அவன் போயி எட்டு மாசம் ஆச்சு. போட்டோ நிறைய இருக்கு தம்பி, குரல்தான் எங்கயுமே இல்ல. அம்மான்னு அவன் ஒரே ஒரு தரம் கூப்பிடறதைக் கேட்டுட்டா போதும்னுதான் வந்தேன்."