முழங்கால்

“உக்காரு. ஒண்ணு சொல்லுதேன்” என்றான் புருஷன்.

அவள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

எதிர்வீட்டுக்காரர் முதன்முதலாகத் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வெளியே வந்ததையும், அவர் வீட்டு நாயே அவரை முக்குக் கடை வரை துரத்தியதையும் சொன்னான். சிரிப்பு வந்ததும் அவளுக்குக் கழுத்து தொங்கியது. கைகள் துவண்டன. அவன் அவள் தாடையை ஏந்திப் பிடித்துக்கொண்டான். தெளிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனான்.

சிரித்தால் அவளுக்கு உடம்பு விட்டுப்போகும். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வரும். சிலருக்கு இடக்கைப் பழக்கம் இருப்பதுபோல இவளுக்கு இது என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

அன்று மார்க்கெட்டில் வாழைத்தாரை இறக்கும்போது அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான் என்றார்கள்.



பிறகு, அவள் தூங்குவதைப் பார்க்க வீட்டில் ஆள் இருந்தது.

உலகம்மாள். அவனுடைய அக்கா. தம்பி இறந்த துட்டிக்கு வந்தவள் ஊர் திரும்பவில்லை.

பால் பொங்கி அடுப்பு அணைந்து கிடக்க, பக்கத்திலேயே அவள் தூங்குவதைப் பார்த்தாள். பிள்ளையின் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி தூங்குவதைப் பார்த்தாள். அவள் வாயருகே குனிந்து முகர்ந்தாள். தலையணை உறையைக் கழற்றி உதறினாள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

குப்பியோ மாத்திரையோ எதுவும் கிடைக்கவில்லை.

கிடைக்காததால் சந்தேகம் கூடியது.

“பிள்ளைய நான் கொண்டுபோறேன். இவகிட்ட விட்டா ஒருநா தீயில விழுந்துரும்.”

தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

அதில் பாதி உண்மை என்று பெற்றவளுக்கே தெரியும். பயமே அதுதான்.



முதல் டாக்டர் சத்து ஊசி போட்டார். இரண்டாவது டாக்டர், குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். கவலைக்கு மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டு இன்னும் தூங்கினாள்.

துக்கமா, திமிரா? அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது.

மூன்றாவது, திருநெல்வேலியில் ஒரு நரம்பு டாக்டர்.

உலகம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். “என்ன சொல்லுதாருன்னு என் காதால கேக்கணும்.”

டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டினார்.

“வீட்டுக்காரர் தவறி நாலு மாசம். துக்கம்மா இது. உடம்பு இப்படித்தான் காட்டும்.”

எழுந்து போகச் சொல்லும் குரல். அவள் எழவில்லை.

“துக்கம் இல்ல சார். பள்ளிக்கூடம் படிக்கும்போதே உண்டு. இன்னொண்ணும் உண்டு.”

அந்தச் சொல் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் அவன் அக்கா.

“சிரிச்சா கால் மடங்கிரும் சார். விழுந்துருவேன். நினைவெல்லாம் இருக்கும்.”

டாக்டர் பேனாவை நிறுத்தினார்.

“கடைசியா எப்போ?”

“அவுக போன அன்னைக்கு. காலையில.”

உலகம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவளும் பதறி எழுந்தாள்.

“கேட்டேளா சார்? எந்தம்பி செத்த அன்னைக்குச் சிரிச்சிருக்கா! சும்மாவா பொணத்துப் பக்கத்துல உக்காந்து குறட்டை விட்டா? எங்க சித்தப்பாவுக்குக் கண்ணு தெரியாது. பொணந்தான் மூச்சு விடுதுன்னு நெனச்சிட்டாரு. கொட்டு மேளத்த நிறுத்துங்கலே, பய பொழச்சிட்டான்னு தெருவுக்கு ஓடுதாரு. வேட்டி அவுந்து விழுந்தது தெரியல. சங்கு ஊதுதவன் சங்கையும் போட்டுட்டு அவருக்கு முன்னால ஓடுதான்!”

இது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை.

உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வேட்டியில்லாத சித்தப்பா தெருவில் ஓடினார். அவருக்கு முன்னால் சங்குக்காரன்.

அவன் இருந்திருந்தால் இதை எப்படிச் சொல்லியிருப்பான்.

முழங்கால் விட்டது.

மேசை விளிம்பு கைக்கு எட்டவில்லை. தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். வாயோரம் எச்சில் வழிந்தது. துடைக்கக் கை வரவில்லை. எல்லாம் கேட்டது. மின்விசிறி கேட்டது. பிள்ளை அழுவது கேட்டது.

“நடிக்கா சார். வேசம்!”

டாக்டர் தரையில் மண்டியிட்டார். ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். இன்னொரு முறை தட்டினார். மற்றக் காலிலும் தட்டினார்.

கால் துள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் தானாக எழுந்து உட்கார்ந்தாள். மறுபடியும் தட்டினார். துள்ளியது.

“நார்கோலெப்ஸின்னு ஒரு நோய் இருக்கு. அதுவாத்தான் தெரியுது. ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் இங்க தூங்க வச்சு, மெஷின்ல பார்த்து உறுதி பண்ணணும். மருந்து இருக்கும்மா.”

“நடிப்பு இல்லன்னு மதினிகிட்டயும் ஒருதடவை சொல்லுங்க சார்.”

டாக்டர் உலகம்மாள் பக்கம் திரும்பினார்.

“சிரிக்கிற மாதிரி நடிக்கலாம், விழற மாதிரி நடிக்கலாம். அந்தக் காலைத் துள்ளாம வைக்க யாராலயும் முடியாது.”

உலகம்மாள் மேசைமேல் இருந்த சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.



பேருந்தில் அவளை ஜன்னலோரம் உட்காரச் சொன்னாள் உலகம்மாள். ஊருக்குப் பாதி வழியில், முன்சீட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அன்னைக்கு நானும் நம்பிட்டேன்ட்டி. ஓடிப்போயி அவன் மூக்குல கைய வச்சுப் பார்த்தேன்.”

அவள் பிள்ளைக்காகக் கையை நீட்டினாள்.

உலகம்மாள் திரும்பினாள். நீட்டிய கையைப் பார்க்கவில்லை. அவள் இமைகளைப் பார்த்தாள். ஒன்று, பிறகு மற்றொன்று. தூக்கத்தில் கனக்கின்றனவா என்று.

பேருந்து நாங்குநேரியைத் தாண்டியது.

பிள்ளை உலகம்மாள் மடியிலேயே இருந்தது.