நாயக் பகதூர் மீது விசாரணை

"என் ஆட்டக் குடுத்துடுங்க சார். இல்லாங்காட்டி இந்த கேட்டாண்டயே உழுந்து செத்துப்பூடுவேன்."

ஆவடி ராணுவ முகாமின் வாசலில் ராஜகுமாரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் கைத்தடியை ஊன்றியபடி அவள் புருஷன் ஏகாம்பரம். முகாமின் பின்மதிலை ஒட்டினாற்போல் சேக்காட்டில் அவர்கள் வீடு.

சத்தம் கேட்டு சுபேதார் வீரராகவன் வெளியே வந்தார்.

"என்னம்மா இது, காலங்காத்தால?"

ஏகாம்பரம் முந்திக்கொண்டான். "நேத்து உங்க ஆளுங்க ரோட்டுல ஓடசொல்ல முன்னால ஒரு கிடா ஓடுச்சே, அது எங்களுது சார். எடது காதுல வெட்டு கீது பாருங்க. குட்டியா இருக்கசொல்ல காணாம பூட்ச்சு. அம்மனுக்கு நேந்து வுட்டது."

"அது ஆடு இல்லப்பா. நாயக் பகதூர்."

"இன்னாது?"

"எங்க யூனிட்டோட சின்னம். ஒரு நாள் காலையில பரேடுக்குப் பின்னாலயே நடந்து வந்தான். பேர் வச்சோம். குடியரசு தினத்தன்னிக்கு எல்லாருக்கும் முன்னால நடந்தான், நாயக்னு பதவி உயர்வு குடுத்தோம். ரெண்டு பட்டை தச்ச சட்டை இருக்கு அவனுக்கு."

"சட்டை போட்டா ஆடு ஆடில்லாம பூடுமா?"

"மரியாதையாப் பேசு. இதோ நிக்கறானே இந்தச் சிப்பாய், இவனைவிட பகதூர் மேல."

சிப்பாய் மறுக்கவில்லை.

ஏகாம்பரம் மூக்கை உறிஞ்சினான். "உள்ளேர்ந்து கறிக்கொழம்பு வாசன வருது. அத அறுக்கலாம், இத அறுக்கக் கூடாதா? இன்னா சார் ஞாயம்?"

சுபேதார் ஒரு கணம் யோசித்தார்.

"அது சிவிலியன்."

சிப்பாய் சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தான்.

ஏகாம்பரம் கைத்தடியால் பெண்டாட்டியை மெல்ல இடித்தான். "இன்னாமே, வாய மூடிக்கினு கீற? நல்லா அழுது கேளு."

ராஜகுமாரி கேட்டாள்.

"லாரி மோதி ஆஸ்பத்திரில கெடந்த மனுசன் சார் இது! கால் பொழச்சா கிடா வெட்றேன்னு வேண்டிக்கினாரு. பொழச்சுட்ச்சு. வர்ற ஞாயித்துக்கெழம ஆடித் திருவிழா. என் கிடா எங்கடின்னு ஆத்தா கேப்பாளே! என் தாலிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

மண்ணை வாரித் தூற்றினாள். மார்பில் அடித்துக்கொண்டாள். அவர்கள் துப்பாக்கியெல்லாம் துருப்பிடித்துப் போகட்டும் என்றாள்.

ஷேர் ஆட்டோக்கள் நின்றன. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிய ஒரு பெண் செல்போனில் படம் எடுத்தபடியே, "ஒரு வாயில்லா ஜீவனை வெட்டறதுக்கு இப்படி ஒரு அழுகையா? என்ன ஜென்மங்களோ" என்றாள்.

அப்போது கர்னல் ஹேமநாதனின் ஜீப் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். ராஜகுமாரியின் தலையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார்.

"வீரராகவன், குடுத்துடுங்க."

"சார், நாயக் பகதூர்..."

"ஜனங்க நம்பிக்கையில நாம குறுக்க நிக்கக் கூடாது. குடுத்துடுங்க."

சுபேதாரின் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார்.

ராஜகுமாரியின் அழுகை சட்டென்று நின்றது.

"பாத்தியா? அழுதா வேல ஆவும்," என்று ஏகாம்பரம் கயிற்றை அவளிடம் நீட்டினான். "போயி இஸ்துகினு வா. அவ்ளோ தூரம் என்னால நடக்க முடியாது."

அவள் சுபேதாரின் பின்னால் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது அவள் கையில் கயிறு மட்டும் இருந்தது.

"ஆடு எங்க சார்?" என்றான் ஏகாம்பரம்.

"குடுக்க முடியாது," என்றார் சுபேதார். "நாயக் பகதூர் மேல விசாரணை இருக்கு. கர்னல் ஐயா வீட்டு ரோஜாத் தொட்டியை மேஞ்சிட்டான். விசாரணை முடியற வரைக்கும் முகாமை விட்டு வெளிய அனுப்பக் கூடாது. சட்டம்."

"அது எப்ப முடியும்?"

"அவன் வாயைத் திறந்து குத்தத்தை ஒத்துக்கிட்டா நாளைக்கே முடிஞ்சிடும்."

ராஜகுமாரி ஓவென்று அலறினாள். "பெரியவரே குடுன்னு சொன்னப்புறமும் இந்தாளு தரமாட்றானே! இவன் ஊடு வெளங்குமா?" முதலில் அழுததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கடைசியில் ஏகாம்பரமே அவளைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்ற வேண்டியதாயிற்று.

"வுடுமே. மிலிட்டரிக்காரங்களாண்ட நாம இன்னா பேசி செயிக்கறது? பூசாரியக் கேட்டு ஒரு பூசணிக்கா வெட்டிக்கலாம்."

மதியம் கர்னல் சுபேதாரைக் கூப்பிட்டனுப்பினார்.

"என் வீட்டில ரோஜாத் தொட்டியே கிடையாது வீரராகவன்."

"ஆமாம் சார்."

"ஒரு ஏழைப் பொம்பளை மண்ணில புரண்டு அழுதுது. உங்களுக்கெல்லாம் ஒரு ஆட்டு மேல இருக்கற இரக்கம் மனுஷங்க மேல கிடையாதா?"

சுபேதார் விறைப்பாக நின்றார்.

"சார், குட்டியா இருந்தப்ப மதில் ஓட்டை வழியா அதை உள்ள தள்ளி விட்டதே அந்தம்மாதான். ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால வந்ததும் என் காலைப் புடிச்சிக்கிச்சு. 'ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன் சார். மிலிட்டரிக்காரங்க எத்தக் கேட்டாலும் தரமாட்டாங்கன்னு நம்பித்தானே அப்டி அழுதேன், நீங்க இன்னா சார் பொசுக்குன்னு குடுத்துட்டீங்க?'ன்னு கேட்டுச்சு."