கண்ணாடிக்கு அடியில்

"நார் போட்டுத் தேய்ச்சது நான்தான் தம்பி. பொய் சொல்ல மாட்டேன்."

மொட்டை மாடியில், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மா சொன்னாள். மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு அதையும் சேர்த்து இறக்கி வைத்தது போலிருந்தது.

சோலார் மெக்கானிக் நிமிரவில்லை. பன்னிரண்டு பேனல்களில் நான்கு, பாதி மின்சாரம்கூடத் தருவதில்லை. அந்த நான்கின் மேல் குனிந்திருந்தான்.

"இருபத்தஞ்சு வருஷம் உழைக்கும்னாங்க. என் கைக்கு ஏழு வருஷம் தாங்கல. காக்கா எச்சம் காஞ்சு ஒட்டிக்கிச்சு. தண்ணி மட்டும் ஊத்துங்க அத்தைன்னு மருமக படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான் கேட்டேனா? பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் தூக்கிட்டு வந்தேன். அவ ஆசை ஆசையா போட்டது இது. இனி அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

கண்ணாடியில் கீறல்கள் இருந்தன. அண்டாவைத் தேய்த்த மாதிரி வட்ட வட்டமாக.

பன்னிரண்டிலும் இருந்தன. கெட்டுப்போனது நான்குதான்.

கீறல் மேலோடு. அந்த நான்கில் மட்டும், கண்ணாடிக்கு அடியில், நத்தை ஊர்ந்த தடம் போலப் பழுப்புக் கோடுகள். பேனல் வெயிலைத் தாங்கும், மழையைத் தாங்கும். ஆள் ஏறி மிதித்தால் உள்ளே மயிரிழை அளவு விரிசல் விடும். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. ஈரமும் வெயிலும் உள்ளே போய் வந்து, வருஷக்கணக்கில் கோடாக எழுதிக் காட்டும்.

ஏணி சாய்த்த ஓரத்திலிருந்து எதிர் மூலைவரை, நான்கு பேனல்களும் ஒரே வரிசையில் இருந்தன.

அவன் படிவத்தை எடுத்தான். பழுதின் காரணம் என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள். மாட்டியவர் தவறு என்றால் கம்பெனி நான்கு புது பேனல் தரும். மாட்டியது யார் என்று பழைய கோப்பைப் புரட்டும். பயன்படுத்தியவர் தவறு என்றால் ஒன்றும் தராது. எதையும் புரட்டவும் செய்யாது.

இரண்டாவது கட்டத்தில் குறி போட்டு, பக்கத்தில் கம்பி நாரைப் பற்றி இரண்டு வரி எழுத ஆரம்பித்தான்.

"மாட்டின புள்ளையக் குத்தம் சொல்ல முடியாது தம்பி. ஈர்க்குச்சி மாதிரி இருப்பான், தாடி வெச்சுக்கிட்டு. அதோ, அந்த மூலையில ஏதோ நட்டு முடுக்கணும்னு இது மேலயே நடந்து போனான். ஏறுறதுக்கு முன்னாடி என்ன பண்ணான் தெரியுமா? செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சான்! அடுத்தவங்க பொருள் மேல அப்படி ஒரு மரியாதை. இந்தக் காலத்துல யாரு செய்யுறா?"

பேனா நின்றது.

வெறுங்காலோடு மிதித்தால் பேனலுக்கு வலிக்காது என்று, இருபத்திரண்டு வயதில் அவன் உண்மையாகவே நம்பியிருந்தான். உள்ளங்கால் கொப்புளித்தது. அதைப் பெருமையாகக்கூட நினைத்தான்.

இப்போது தாடி இல்லை. தொப்பை இருக்கிறது. அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவனுக்கோ, தெருமுனை திரும்பியதுமே வீடு தெரிந்துவிட்டது.

எழுத வேண்டியது இன்னும் அரை வரி இருந்தது. எழுதி முடித்தான்.

"கையெழுத்து போடணுமில்ல, குடுங்க" என்று அவளே வாங்கிக்கொண்டாள். "சாயங்காலம் மருமக வந்ததும் நானே சொல்லிடறேன். திட்டினா வாங்கிக்க வேண்டியதுதான். செஞ்சவதானே வாங்கணும்?"

தாளை எட்டப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினாள். கிட்டே கொண்டு வந்தாள். பிறகு அவனிடமே திருப்பி நீட்டினாள்.

"எழுத்தெல்லாம் எறும்பா ஊருது. என்ன எழுதியிருக்கீங்கன்னு ஒருவாட்டி வாய்விட்டுப் படிச்சுக் காட்டுங்களேன், தம்பி."